கெயினைக் குறைங்க, மணிக்கட்டைத் திருப்புங்க

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு காட்பாடி காந்தி நகர். கையில் இருப்பது ஒரு ஸ்ட்ராட் காப்பி கிட்டார் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலின் நகல்), 10 வாட் பிராக்டிஸ் ஆம்ப், சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்கும் ஒரு டிஸ்டார்ஷன் பெடல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறீர்கள். மற்ற நாட்களில் கிளாப்டன், பால் காஸஃப், டேவிட் கில்மோர் என்று 1960, 70களின் லீட் பகுதிகளைப் பழகுகிறீர்கள். சுரமெல்லாம் சரியாக விழுகிறது, அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை. நீட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் விரல் நடுங்குகிறது, வைப்ரேட்டோ, அதாவது பிடித்த சுரத்தைச் சீராக அசைப்பது, வருவதில்லை. அடுத்து எந்தப் பெடல் வாங்கலாம், 10 கேஜ் ஸ்ட்ரிங் (முதல் ஸ்ட்ரிங்கின் தடிமன் 0.010 அங்குலம்) மாட்டினால் டோன் தடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன வயதில் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டு பாதியில் விட்டதாகவும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரிதான் இதில் முக்கியமானது, அப்புறம் வருகிறேன்.

பெடல் இப்போது வேண்டாம். நீங்கள் தேடுகிற டோனில் பெரும்பங்கு இடதுகையில் இருக்கிறது, மீதியில் பாதி கிட்டாரின் வால்யூம் நாப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் காசு ஆகாது.

முதலில் டிஸ்டார்ஷன். பழைய ரெக்கார்டுகளில் நாம் நினைப்பதைவிட டிஸ்டார்ஷன் குறைவு. 1966-இல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு கிளாப்டன் வாசித்த ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். ஒரு லெஸ் பால் கிட்டார், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு வைத்த ஒரு மார்ஷல் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), அவ்வளவுதான். மேடையில் வைக்கும் வால்யூமில்தான் ஸ்டுடியோவிலும் வாசிப்பேன் என்று அவர் நின்றதுதான் அந்தச் சத்தத்தின் ரகசியம். அந்தக் கால மார்ஷலில் மாஸ்டர் வால்யூம் என்று ஒரு நாப்பே கிடையாது. சத்தம் உடைய வேண்டுமென்றால் மொத்த ஆம்பையும் ஏற்றியாக வேண்டும். அப்போது பவர் வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து திணறும். இன்னொன்றும் நடக்கும். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் திரும்ப கிட்டாரையே அதிர வைக்கும், அதனால் ஸ்ட்ரிங் சீக்கிரம் ஓயாது. காஸஃப் ஒரு சுரத்தை அத்தனை நேரம் பிடித்து ஆட்ட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்டுவதற்கு அவருக்கு நேரம் கிடைத்தது.

காந்தி நகரில் அந்த வால்யூம் வைத்தால் முதலில் ஹவுஸ் ஓனர் வருவார், பிறகு தெருவே வரும். அதனால் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்: வால்யூம் இல்லாத குறையைக் கெயினால், அதாவது டிஸ்டார்ஷனின் அளவைக் கூட்டும் நாப்பால், ஈடுகட்டுகிறீர்கள். சஸ்டெய்ன் (சுரம் ஓயாமல் நீண்டு நிற்பது) கிடைக்கும், உண்மைதான். ஆனால் கெயின் ஏற ஏற, மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம் வரும். பிக் ஸ்ட்ரிங்கில் படும் அந்த முதல் கணம் மழுங்கிவிடும். பழைய டோன் என்று நம் காது அடையாளம் காண்பதே அந்த முதல் கணத்தைத்தான்.

ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் லீட் செட்டிங்கிலேயே ஒரு முழு ஈ மேஜர் கார்டு அடியுங்கள். ஆறு ஸ்ட்ரிங்கும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா, கூழாகிவிட்டதா? கூழ் என்றால் கெயினைப் பாதியாக்குங்கள், மறுபடி அடியுங்கள். மெதுவாகத் தட்டினால் கிட்டத்தட்ட க்ளீனாகவும், ஓங்கினால் உடைந்தும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். கிட்டார் வால்யூமை 6-இல் வைத்தால் ரிதம், 10-க்குத் திருப்பினால் லீட். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஃபஸ் பெடலை (60களின் முரட்டு டிஸ்டார்ஷன்) ஆனிலேயே வைத்துக்கொண்டு வால்யூம் நாப்பால்தான் க்ளீனுக்கும் லீடுக்கும் மாறினார். ஆம்பில் மிட்டை (நடுத்தர ஒலிகளுக்கான நாப்) நடுவுக்கு மேல் வையுங்கள், பேஸை இறக்குங்கள். மிட்டைக் குடைந்து எடுத்துவிட்டு பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றுவது 80களுக்குப் பிறகு மெட்டல்காரர்கள் கொண்டுவந்த பழக்கம். தனியாக அறையில் கேட்க அழகாக இருக்கும், டிரம்ஸ் வந்தவுடன் கிட்டார் காணாமல் போய்விடும்.

கிளாப்டன் க்ரீம் குழுவில் இருந்தபோது வாசித்த அந்தக் குழைந்த டோன் வேண்டுமா? நெக் பிக்கப்புக்கு (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிப்பவற்றில் நெக்கை ஒட்டி இருப்பது) மாறி, டோன் நாப்பை முழுவதும் மூடிவிட்டு, ஆம்பில் ட்ரெபிளை ஏற்றுங்கள். ஸ்ட்ராட்டில் அச்சு அசலாக வராது, ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) வைத்த கிட்டாரின் வேலை அது. ஆனாலும் வித்தியாசம் உடனே தெரியும்.

சர்ச் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் சர்ச்சுகளில் பாதிப் பேர் டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து ஒயரை எடுத்து நேராக மிக்ஸரில் செருகுகிறார்கள். கிட்டார் ஸ்பீக்கர் என்பது உயர்ந்த சத்தங்களைத் தானாகவே வெட்டிவிடும் ஒரு வடிகட்டி. செலஸ்டியன் கிரீன்பேக் போன்றவை 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் தருவதில்லை. சர்ச்சில் இருக்கும் பி.ஏ. ஸ்பீக்கர் 15,000-க்கு மேலும் தரும். பெடல் உற்பத்தி செய்யும் கரகரப்பு முழுவதும் சபையின் காதில் விழும், அப்புறம் பாஸ்டர் உங்களைப் பார்ப்பார். கேபினட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கரைப் போலவே சத்தத்தை வடிகட்டுவது) உள்ள சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் இருந்தால் அதை நடுவில் வையுங்கள். இல்லையென்றால் உங்கள் 10 வாட் ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றி முன்னால் மைக் வையுங்கள். இது எதுவும் முடியாது என்றால் அன்றைக்கு க்ளீனாகவே வாசித்துவிடுங்கள்.

இனி இடதுகை. இங்கேதான் நிதானமாகப் பேச வேண்டும்.

உங்கள் விரல் நடுங்குவதற்குக் காரணம், நீங்கள் விரலால் ஆட்டுகிறீர்கள். ராக் வைப்ரேட்டோவில் விரல் ஆடுவதே இல்லை. ஸ்ட்ரிங்கை அழுத்திய வளைவிலேயே விரல் இறுகி நிற்கும், மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து சுழலும். பூட்டில் சாவியைத் திருப்பும்போது கை எப்படித் திரும்புகிறதோ அதே அசைவு. கட்டை விரல் நெக்கின் மேல் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கட்டும். ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் நெக்கின் கீழ் விளிம்பில் படியட்டும். அந்த இடம்தான் அச்சு. இரண்டுக்கும் நடுவே நெக்கைப் பிடித்துக்கொண்டு கையைத் திருப்பினால் ஸ்ட்ரிங் தானாக நகரும். மோதிர விரலால் ஆட்டும்போது நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே ஸ்ட்ரிங்கில் பின்னால் நின்று தாங்க வேண்டும். கிளாசிக்கல் கிட்டார் வகுப்பில் கட்டை விரலை நெக்கின் பின்னால் நடுவில் வைக்கச் சொல்லியிருப்பார்கள். அது அந்த வாசிப்புக்கு நல்லது, இதற்கு ஆகாது.

ஸ்ட்ரிங்கை எந்தப் பக்கம் நகர்த்துவது? தடித்த ஸ்ட்ரிங்குகளைத் தரைப் பக்கம் இழுங்கள். மெல்லிய முதல் ஸ்ட்ரிங்கைத் தரைப் பக்கம் இழுத்தால் நெக்கை விட்டே வழுக்கிவிடும், அதை மேலே தள்ளித்தான் ஆக வேண்டும். நடுவில் இருப்பவை உங்கள் வசதி. நான் மூன்றாவதை இழுப்பேன், இரண்டாவதைத் தள்ளுவேன்.

இப்போது முக்கியமான இடம். ஸ்ட்ரிங்கை இழுத்தாலும் தள்ளினாலும் இழுவிசை கூடும், சுருதி ஏறும். இறங்க வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு ஆட்டமும் கிளம்பிய இடத்துக்கு முழுமையாகத் திரும்பி வர வேண்டும். பாதி வழியில் திரும்பினால் காது சராசரியைத்தான் கேட்கும், சுரம் கொஞ்சம் ஏறிப்போனதாகத் தோன்றும். ‘எனக்கு வைப்ரேட்டோ வருகிறது, ஆனால் ஏதோ சரியில்லை’ என்பவர்களில் பெரும்பாலோர் மாட்டுவது இங்கேதான். ஏற்றத்தில் கவனம் வைக்கிறார்கள், இறக்கத்தில் வைப்பதில்லை.

பழகும் விதம் இது. மூன்றாவது ஸ்ட்ரிங், 7-வது ஃப்ரெட், மோதிர விரல். முதலில் 8-வது ஃப்ரெட்டை அழுத்தி அந்தச் சுரத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் கூரை. திரும்ப 7-க்கு வந்து, மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரே ஆட்டம்: கூரைவரை ஏறி முழுவதும் இறங்க வேண்டும். கேட்க அசிங்கமாகத்தான் இருக்கும். அது சமமானதும் ஒரு தட்டுக்கு இரண்டு, பிறகு மூன்று, பிறகு நான்கு. பாடகர்களின் குரல் நொடிக்கு 5 முதல் 7 முறை அசையும் என்பார்கள். கிட்டாரில் நான்கு ஆட்டம் சமமாக வந்துவிட்டாலே போதும், பாட்டுக்கு ஏற்ற வேகம் பிறகு தானாக வரும். வேகம் கூடும்போது அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஒன்று பாட்டின் தாளத்தோடு ஒட்டி ஆடட்டும், அல்லது அதிலிருந்து தெளிவாக விலகி ஆடட்டும். இரண்டுங்கெட்டானாக இருந்தால்தான் பதற்றமாகக் கேட்கும்.

பெண்ட் செய்த சுரத்தில், அதாவது ஸ்ட்ரிங்கைத் தள்ளி மேல் சுரத்துக்கு ஏற்றிய இடத்தில், கதை தலைகீழ். அதே 7-வது ஃப்ரெட்டை ஒரு முழு டோன் ஏற்றினால், இரண்டாவது ஸ்ட்ரிங் 5-வது ஃப்ரெட்டின் சுரம் வரும். அதைத் தட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறி நின்ற பிறகு வைப்ரேட்டோவுக்குக் கையைத் தளர்த்துகிறீர்கள், அதாவது சுரம் கொஞ்சம் இறங்கி மறுபடி மேலே வந்து சேருகிறது. இங்கே வீடு மேலே இருக்கிறது. மேலும் மேலும் தள்ளி ஆட்டினால் சுருதி கெடும். கையிலும் அந்த அளவுக்கு வலு இருக்காது.

இங்கேதான் உங்கள் வாய்ப்பாட்டு வருகிறது. வீணையில் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த சுரங்களைத் தொடுவதைப் பார்த்திருப்பீர்கள். கைவேலை என்று பார்த்தால் கிட்டார் பெண்டிங்கும் அதேதான். கம்பிதம், அதாவது சுரத்தை அசைக்கும் கமகம், என்றால் என்ன என்று உங்கள் காதுக்கு ஏற்கெனவே தெரியும். லீட் வாசிக்கும் மைனர் பென்டடானிக் நம் சுத்த தன்யாசி, மேஜர் பென்டடானிக் மோகனம். ஆகவே சுரத்தானங்கள் புதிதல்ல. ஆனால் அதே காதுதான் ஒரு இடத்தில் உங்களைத் தடுக்கும். நமக்கு ஸவும் பவும் அசையாத சுரங்கள், அவற்றை ஆட்டினால் டீச்சர் முறைப்பார். ராக்கில் லீட் போய் உட்காரும் இடமே பெரும்பாலும் ஸ அல்லது ப, அங்கேதான் ஆட்டம் அதிகம். நீங்கள் அனுப்பிய ரெக்கார்டிங்கில் மற்ற இடங்களில் தாராளமாக ஆட்டிவிட்டு ஸவுக்கு வந்ததும் கை உறைந்துவிடுகிறது. அது பழக்கதோஷம். இன்னொரு வித்தியாசம், தோடியின் காந்தாரம் பக்கத்துச் சுரங்களைத் தொட்டுத்தான் தன் உருவத்தைப் பெறுகிறது. ராக்கில் சுரத்துக்கு உருவம் முன்பே இருக்கிறது, ஆட்டம் அதற்கு உயிர் மட்டும் கொடுக்கிறது. அதனால் சுரத்தை முதலில் அசையாமல் நிற்க விடுங்கள். காது அதைப் பிடித்துக்கொண்ட பிறகு ஆட்டத்தைத் தொடங்குங்கள். தட்டிய கணத்திலேயே ஆட்டுவதும் உண்டு, காஸஃப் பல இடங்களில் அப்படித்தான். ஆனால் அது இரண்டாம் பாடம்.

மைனர் காந்தாரத்தைக் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றி, மேஜருக்குப் போகாமல் நடுவில் விடும் ப்ளூஸ் பழக்கம் ஒன்று உண்டு. அதை வாயால் பாடிவிட்டுக் கையால் எடுங்கள், மற்றவர்களைவிட உங்களுக்குச் சீக்கிரம் வரும்.

யார் யாரைக் கேட்பது? பி.பி. கிங்கிலிருந்து தொடங்குங்கள். அவருடைய உறவினர் புக்கா ஒயிட் ஸ்லைடு வாசிப்பவர். தனக்கு ஸ்லைடு கைவரவில்லை, அந்தச் சத்தத்தை விரலால் கொண்டுவரப் பார்த்ததில்தான் தன் வைப்ரேட்டோ பிறந்தது என்று கிங்கே சொல்லியிருக்கிறார். அவர் கட்டை விரலை நெக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் ஊன்றிக் கையையே படபடக்க விடுவார். கிளாப்டன் வழி அதற்குப் பக்கத்தில் வரும். ஃப்ரீ குழுவின் பால் காஸஃப் வேறு சாதி: வேகமானது, அழுத்தமானது, கொஞ்சம் ஆபத்தானதும்கூட. 25 வயதில், 1976-இல் இறந்துவிட்டார். 1970-இல் வந்த ‘ஆல் ரைட் நவ்’ சோலோவில் எத்தனை குறைந்த சுரங்களை வைத்து வேலையை முடிக்கிறார் என்று கவனியுங்கள். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீன் அடக்கமானவர், எனக்கு இவர்கள் எல்லோரிலும் பிடித்தவர். கில்மோர் மெதுவாக, அகலமாக ஆட்டுவார். ஆனால் அவரை வைத்து விரல் வைப்ரேட்டோ கற்காதீர்கள், பல இடங்களில் அவர் ஆட்டுவது பிரிட்ஜையே அசைக்கும் ஸ்ட்ராட்டின் கைப்பிடியை.

அந்தக் கைப்பிடி உங்கள் கிட்டாரிலும் இருக்கிறது, பிரச்சினையும் அதில் இருக்கிறது. பிரிட்ஜ் (கிட்டார் உடம்பில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பகுதி) ஸ்பிரிங்கில் மிதந்துகொண்டிருந்தால், ஒரு ஸ்ட்ரிங்கைப் பெண்ட் செய்யும்போது பிரிட்ஜ் முன்னால் சாயும். மற்ற ஐந்தும் சுருதி இறங்கும், நீங்களும் அதே சுரத்துக்கு அதிக தூரம் தள்ள வேண்டியிருக்கும். கைப்பிடியைப் பயன்படுத்துவதில்லை என்றால் பின்மூடியைக் கழற்றி ஸ்பிரிங் மாட்டிய இரண்டு ஸ்க்ரூவையும் முறுக்கி, பிரிட்ஜின் அடியில் இருக்கும் உலோகப் பிளாக்குக்குப் பின்னால் ஒரு மரத்துண்டை இறுக்கமாக வைத்துவிடுங்கள். கிளாப்டனும் தன் ஸ்ட்ராட்டில் மரத்துண்டு வைத்துத்தான் பிரிட்ஜை அசையாமல் நிறுத்தியிருந்தார். ஆசாரியிடம் பிளாக்கின் அளவைச் சொன்னால் தேக்குத் துணுக்கில் செதுக்கித் தருவார்.

ஃப்ரெட்டையும் பாருங்கள். விலை குறைந்த கிட்டார்களில் ஃப்ரெட்டுக்குப் பாலிஷ் போடாமலே அனுப்பிவிடுவார்கள். ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் நகர்த்தினால் சரசரவென்று உரசும், எந்தக் கையாலும் வைப்ரேட்டோ வராது. ஃப்ரெட்போர்டு மரத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, பெயின்ட் கடையில் கிடைக்கும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் லேசாகத் தேய்த்து, பிராசோ போட்டுத் துடையுங்கள். பிக்கப்புகளைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஒரு மத்தியான வேலை. என்னைக் கேட்டால் இது எந்தப் பெடலைவிடவும் பெரிய மாற்றம்.

ஸ்ட்ராப்பையும் சொல்ல வேண்டும். கிட்டார் முழங்கால்வரை தொங்கினால் மணிக்கட்டு மடங்கிவிடும், மடங்கிய மணிக்கட்டு சுழலாது. உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் எந்த உயரத்தில் இருக்கிறதோ நிற்கும்போதும் அதே உயரம் இருக்கட்டும். வழுவழுப்பான நைலான் ஸ்ட்ராப்பில், உடம்பு லேசான கிட்டார்களின் நெக் கீழே சரியும். அதைத் தாங்கிப் பிடிப்பதிலேயே இடதுகை மாட்டிக்கொண்டால் ஆட்டுவதற்குக் கை ஏது? உள்பக்கம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் ராணிப்பேட்டை, மறுபக்கம் ஆம்பூர், நடுவில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் நைலான் ஸ்ட்ராப் வாங்குகிறோம்!

இரைச்சல் பற்றி கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். உங்கள் ஸ்ட்ராட்டில் இருக்கும் சிங்கிள் காயில் பிக்கப் கரண்ட் இரைச்சலைப் பிடிக்கத்தான் செய்யும், கெயினைக் குறைத்தால் பாதி போய்விடும். மீதிக்கு ஃபேன் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். திருகினால் வேகம் சீராகக் கூடிக் குறையும் வகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் பாதி வேகத்தில் நன்றாகக் கத்தும், முழு வேகத்தில் வைத்தால் அடங்கும். வேலூர் கத்திரியில் எப்படியும் முழு வேகம்தானே. அப்புறம் பிளக் பாயின்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், ஒயர் இருக்காது. இது டோனுக்காக மட்டும் சொல்வதல்ல.

வெயில் பேச்சு வந்ததால் இன்னொன்று. 60களின் ஃபஸ் வேண்டும் என்று என்றைக்காவது ஆசை வந்தால் ஜெர்மானியம் வகை வாங்காதீர்கள், சிலிக்கான் வாங்குங்கள். 1966-இல் லண்டனில் வந்த முதல் ஃபஸ் ஃபேஸ் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்தான். சூடு ஏறினால் அதன் பயாஸ் (டிரான்சிஸ்டர் சரியாக வேலை செய்ய வைத்த மின்னளவு) நகர்ந்துவிடும். லண்டன் குளிருக்குச் சரி, மே மாதத்து மாடி ரூமுக்குச் சரிப்படாது.

10 கேஜ் ஸ்ட்ரிங்? ஒரே சுருதிக்கு 9-இலிருந்து 10-க்குப் போனால் முதல் ஸ்ட்ரிங்கின் இழுவிசை சுமார் 23 சதவீதம் கூடும். போதாக்குறைக்கு ஸ்ட்ராட்டில் ஸ்ட்ரிங் அதிரும் நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் 24.75. அதனால் ஒரே ஸ்ட்ரிங் ஸ்ட்ராட்டில் ஏற்கெனவே 6 சதவீதம் இறுக்கம். வைப்ரேட்டோ பழகும் கைக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டாம். தடித்த ஸ்ட்ரிங்தான் தடித்த டோன் என்பது பாதி உண்மைகூட இல்லை. இசட் இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் வாசிப்பது 7 கேஜ். தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனியை இழந்த பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி மெல்லிய ஸ்ட்ரிங்கைத் தேடித்தான் போனார், அந்தக் குழுவின் சத்தம் மெலிதா என்ன? 9-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கமாகத் தோன்றினால் ஹெண்ட்ரிக்ஸ் மாதிரி ஆறையும் அரை டோன் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் சர்ச்சில் கீபோர்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் ஊர் வியர்வைக்கு ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்தது ஃப்ரெட்டில் வழுக்காது. வாசித்து முடித்ததும் காடாத் துணியால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். பெடலுக்கு எடுத்து வைத்த காசில் 9 கேஜ் செட் நாலைந்து வாங்கி டப்பாவில் போட்டு வையுங்கள்.